ஆண்டவர் பெரட்டு

காலைப் பெரட்டில் கேள்வி கேட்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் எழுதப்படாத சட்டம் அது. விடியும் முன்பே ஆட்கள் களத்தில் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு இந்த மலை, இந்த வேலை என்று சொல்வார். கூப்பிடப்பட்டவர் கூடையையோ மண்வெட்டியையோ எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். நேற்று நல்ல மலை கிடைத்தவர் இன்று ஏன் செங்குத்து மலை என்று கேட்டால், நாளைக்கு வேலையே இருக்காது. எல்லாத் தோட்டங்களிலும் இதுதான் நடைமுறை. நான் சொல்ல வந்த அம்மாள் இந்தச் சட்டத்தைக் கொண்டுபோய்க் கடவுளுக்கும் பொருத்திவிட்டார். அதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போயிற்று. இத்தனை வருடங்களுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதும்போதும் பொறுக்கவில்லை.

"ஆண்டவரும் ஒரு பெரட்டு வச்சிருக்காருங்க, வாத்தியாரய்யா," என்பார். "நம்ம பேரு எப்ப வரும், எந்த மலைக்கு வரும்னு நமக்குத் தெரியாது. கூப்புட்டா போக வேண்டியதுதான்."

"ஏன் என்று கேட்கவே கூடாதா?"

"பெரட்டுல யாருங்க கேக்குறாங்க?"

ஐம்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் ஆராதனையில் வேதம் வாசிப்பதும் என் வேலை. அந்த அம்மாள் எங்கள் சபையைச் சேர்ந்தவர். கொழுந்து எடுக்கும் வேலை. குட்டையானவர். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றியின் மேற்பக்கம் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. மழையானாலும் வெயிலானாலும் தலையில் கறுப்புக் கம்பளி. களத்துக்கு முதல் ஆளாக வந்து, லாந்தர் தொங்கும் கம்பத்தின் அருகில் நிற்பார்.

"நேரத்தோட வந்து நின்னா நல்ல மலையாப் பாத்துக் குடுப்பாங்களாக்கும்?" என்று பக்கத்துக் காம்பராக்காரி சீண்டுவாள்.

"குடுக்க மாட்டாங்க. ஆனா கூப்புடுறப்ப நல்லாக் காது கேக்கும்."

இந்தப் பக்கத்துக் காம்பராக்காரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லயம் என்ற வரிசை வீட்டில், காம்பரா என்ற ஒற்றை அறைகளில் இருந்த அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. தோட்டத்திலேயே அம்மாளை முகத்துக்கு நேரே கேட்கக் கூடியவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, நாங்கெல்லாம் எங்க சாமிகிட்ட ஏதாச்சும் கேப்போம். குடுக்கலன்னா கோவிச்சுக்குவோம். ஒரு வருசம் பொங்கல் வைக்காமக்கூட விட்டுருவோம். சாமியும் பயப்புடணுமில்ல? நீ என்னத்தக் குடுத்தாலும் ஸ்தோத்திரம்ங்குற. அப்புறம் ஒங்க ஆளு, யாருக்கும் வேணாம்னு கெடக்குறத எல்லாம் ஒனக்குத்தான் அனுப்பி வைப்பாரு."

அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் பிழை என்ன என்று அன்று இரவே யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

புதன்கிழமைகளில் லயத்துக் காம்பராக்களில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒரு மழைக்காலத்தில் அம்மாளின் காம்பராவில் கூடினோம். கூரைத் தகரத்தில் நாலைந்து ஓட்டைகள். கீழே சட்டி, வாளி, தேத்தண்ணிக் கோப்பை என்று இருந்ததையெல்லாம் வைத்திருந்தார். எங்களை நனையாத இடமாகப் பார்த்துப் பார்த்து உட்கார வைத்தார். பிறகு வெற்றிலையை வாயிலிருந்து எடுத்துக் கதவுச் சந்தில் பத்திரமாகச் செருகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார்.

"ஒழுகுற கூரைக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஒழுகாத மூலைக்கும் ஸ்தோத்திரம்."

என் மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் மேல் அப்போது சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அந்தத் தகரத்தை மாற்றித் தரும்படி நானே ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த மனு ஆபீசுக்குப் போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. துரையின் பங்களாவில் நாய்க் கூண்டுக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். இதற்கும் ஸ்தோத்திரமா? ஜெபம் முடிந்ததும் கேட்டேன்.

"தகரம் வந்தா அதுக்கும் சொல்லுவேங்க," என்றார். "ஆமென் சொல்ற நேரத்துல கண்ணத் தொறந்து பாத்தீங்களே, அதுக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல."

இப்படி மடக்கிவிடுவார். கோபத்தோடு போனவன் சிரித்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு கோபம் இரட்டிப்பாகும்.

எங்கள் கோயிலைப் பற்றி. தோட்டத்தின் உச்சியில் கருங்கல்லால் கட்டிய சின்னக் கோயில் அது. பழைய வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. காலையில் அவர்களுக்கு ஆங்கில ஆராதனை, பிற்பகலில் எங்களுக்குத் தமிழ் ஆராதனை. ஆண்டவர் ஒருவர், பீடம் ஒன்று, பெஞ்சுகளும் அவையே. ஆனால் ஆங்கில ஆராதனை முடிந்ததும் பங்களா ஆள் ஒருவன் வந்து பெஞ்சுகளின் மேலிருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கதவு திறக்கும். நான் அதை ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் எனக்கு உடம்பு எரிந்தது. அம்மாளோ மொட்டைப் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, "மெத்த இருந்தா தூங்கிருவோங்க. இப்பப் பாருங்க, பிரசங்கம் முழுசாக் காதுல விழுது," என்பார்.

கோயிலைச் சுற்றிப் புல்வெளி. அதில் துரைமாரின் கல்லறைகள், பளிங்குக் கல்லும் இரும்பு வேலியுமாக. இறந்துபோன துரைப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டு. தமிழர்களை அங்கே புதைக்கக் கூடாது என்று எந்தச் சபைப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனாலும் யாரையும் புதைத்ததில்லை. எங்களுக்கு இடம் கீழே, ஆற்றோரத்தில்.

இனி அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாளுக்குப் பிறந்தவை மூன்று. மூன்றும் நிலைக்கவில்லை.

மூத்தவன் நான் வருவதற்கு முன்பே போய்விட்டான். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போன இடத்தில் செய்தி வந்ததாம். வயிற்றோட்டம். அது அடைமழை மாதம், ஆற்றோரத்துப் புதைகுழியில் தண்ணீர் ஏறியிருந்தது. துரைக்குக் கீழே வெளிவேலைகளை மேற்பார்க்கிறவர் கண்டாக்கு. அப்போதிருந்தவர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். மேல்மலையின் ஓரத்தில், ஒரு பாறையின் கீழே, தேயிலை நடாத ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, அங்கே புதைத்துக்கொள்ளச் சொன்னாராம். அடுத்த இரண்டையும் அம்மாள் அவன் பக்கத்திலேயே படுக்க வைத்தார்.

நடுப்பிள்ளை என் மாணவி. ஏழு வயது. சிலேட்டில் எழுதியதை அழிக்க மனமில்லாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொள்வாள். அவளுக்குக் காய்ச்சல் கண்டு, இரண்டாம் நாள் மூச்சு வாங்கியது. தோட்டத்து டாக்டரய்யா என்று ஒருவர் இருந்தார். டாக்டர் இல்லை, மருந்து கலக்கத் தெரிந்தவர். அவரைக் கூட்டிவர நானே ஓடினேன். பங்களாவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். துரையின் வேட்டை நாய்க்குக் காலில் முள் ஏறிவிட்டதாம். பங்களா வாசலில் நின்று கூப்பிட்டேன். "இதோ வாறேன், இந்தக் கட்ட முடிச்சுக்கிறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் நாய்க்குக் கட்டுப் போட்டு முடித்து, தேநீரும் குடித்துவிட்டு, லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையின் கண்ணை மூடியாகிவிட்டது.

நாய் பிழைத்தது. அதற்குப் பிறகும் நிறைய நாள் பங்களாத் தோட்டத்தில் அதைப் பார்த்தேன்.

புதைத்துவிட்டுத் திரும்பும்போது போதகர் அம்மாளின் தலையில் கை வைத்து, "எல்லாம் கர்த்தருடைய சித்தம் அம்மா," என்றார். அம்மாள், "ஆமாங்கய்யா," என்றார். எனக்குத் தாங்கவில்லை. அவர் போன பிறகு அம்மாளிடம் கத்தியே விட்டேன்.

"எது கர்த்தருடைய சித்தம்? நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அதுவா?"

அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையின் மேல் போட்ட மண் இன்னும் விரல்களில் இருந்தது.

"அவரு தந்தாரு. அவரு கூப்புட்டுக்கிட்டாரு. அதுல எனக்குச் சந்தேகம் இல்லீங்க. நடுவுல நின்னவுங்க கணக்க அவரு பாத்துக்குவாரு. நீங்க அத எங்கிட்ட கேக்காதீங்க."

கடைசிப் பையன் மூன்று மாதம் இருந்தான். அவனுக்கும் அதே பாறையடி, அதே போதகர், அதே வார்த்தை. அடுத்த வருடம் கணவரும் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அவரையும் பிள்ளைகளோடு வைக்கலாமா என்று கேட்கப் போனோம். கண்டாக்கு மாறியிருந்தார். ஆற்றோரம்தான் என்று சொல்லிவிட்டார். அம்மாள் வாரத்தில் ஒரு மாலை மேலே பாறையடிக்குப் போய்ப் புல் பிடுங்கிச் சுத்தம் செய்வார். இன்னொரு மாலை ஆற்றோரம். சுரண்டியால் ஓரம் வெட்டி, மண்ணைத் தட்டி வைப்பார். அங்கே அவர் அழுது நான் பார்த்ததில்லை.

போதகர் கெட்டவர் அல்லர். கிழிந்த குடையோடு மழையில் பஸ் ஏறி, இரண்டு மைல் தூரம் நடந்து எங்களிடம் வருவார். லயத்தில் யார் கொடுத்தாலும் சாப்பிடுவார். ஆனால் கோயில் நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்துக்கு அம்மாள் வசதியாகக் கிடைத்தார். தோட்டத்தில் எந்த முணுமுணுப்புக் கிளம்பினாலும், அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அம்மாள் வந்துவிடுவார். "இந்தத் தாயைப் பாருங்கள். மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாரா?" கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கூடியபோதும் இதே பிரசங்கம். கொழுந்து நிறுப்பதில் மோசடி என்று சண்டை வந்தபோதும் இதேதான். அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மனுஷியின் துக்கத்தை எடுத்து மற்றவர்கள் வாயை அடைக்கிற துணியாக்குவது எந்த வேதத்தில் நியாயம் என்று நான் போதகரிடம் கேட்டேன். "வாத்தியார், நீங்கள் இளரத்தம்," என்றார். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த மேல்மலையின் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட முடிவு செய்தார்கள். மலையின் குறுக்கே புதிதாக ஒரு கான் வெட்ட வேண்டும், மழைத்தண்ணீர் வடிய. கான் போகும் வழிக்குக் குச்சி அடித்தார்கள். அன்று பிற்பகல் பள்ளிக்கூடம் விட்டதும் நான் மேலே போய்ப் பார்த்தேன். குச்சி வரிசை மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாறையடிக்கு வந்து, மூன்று மேடுகளையும் தாண்டிப் போயிற்று. நடு மேட்டின் மேலேயே ஒரு குச்சி அடித்திருந்தது.

மேல்பக்கம் பாறை. கீழ்ப்பக்கம் வெறும் நிலம். ஆறேழு அடி கீழே வளைத்து வெட்டினால் போதும். தண்ணீருக்கும் கேடில்லை, கன்றுக்கும் கேடில்லை. இதைத் துரைக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். பணிவாகவே எழுதினேன். பதில் எழுத்தில் வரவில்லை. கண்டாக்கு பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

"தொரை கோடு போட்டுட்டாரு. கோடு வளையாது மாஸ்டர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கித்தார். நம்முடைய திட்டங்கள் வேறு, கடவுளின் திட்டம் வேறு. நாம் பற்றிக்கொண்டிருப்பதை அவர் கேட்கும்போது கையைத் திறந்துவிட வேண்டும். ஆத்துமா அவரிடம் இருக்க, மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அம்மாளின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் போதகர் அவரைத் தனியே அழைத்து, "இதையும் கர்த்தருடைய சித்தம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா," என்றார்.

அம்மாளிடமிருந்து வழக்கமான "ஆமாங்கய்யா" வரவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த பளிங்குக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "யோசிக்கிறேங்க," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

பக்கத்துக் காம்பராக்காரி அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. "அக்கா, நாளைக்குப் பெரட்டுக்குப் போகாத. ஒடம்புக்கு முடியலன்னு படு. எவன் வந்து கேட்டாலும் நான் பேசிக்கிறேன். தொரையே வரட்டும், வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு நிக்கிறேன்!"

மறுநாள் காலை நானும் களத்துக்குப் போனேன். வாத்தியாருக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன். அம்மாள் கம்பத்தருகில் நின்றிருந்தார். உடம்பு தளர்ந்துவிட்டதால் அப்போது அவருக்குக் கொழுந்து வேலை இல்லை, சில்லறை வேலைதான். கணக்கப்பிள்ளை சில்லறை ஆட்களைக் கூப்பிட்டு, மேல்மலைக் கானில் மண் அள்ள அனுப்பினார். அம்மாளின் பேரைக் கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆயி, நீ வேணாம். நீ ஸ்டோருக்குப் போய்க் கூட்டு," என்றார். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.

"பேரு கூப்புட்டாச்சுல்லங்க. மேல்மலைக்கே போறேன்."

"சொன்னாக் கேளு ஆயி."

"இல்லீங்க. எனக்கு அங்க வேல இருக்கு."

கூடையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தன் பிள்ளைகளின் குழியைத் தன் கையாலேயே அள்ளிக் கொட்டப் போகிறார், அதையும் கீழ்ப்படிதல் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அன்று பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் ஓடவில்லை.

மேலே நடந்ததைப் பக்கத்துக் காம்பராக்காரி மூலமாக அறிந்தேன். அவளும் அன்று அதே வேலையில் இருந்தாள். கான் வெட்டுகிற இளந்தாரிகள் பாறையடிக்கு வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்ததாம். அம்மாள் நேரே முன்னால் போய், நடு மேட்டிலிருந்த குச்சியைப் பிடுங்கி ஓரத்தில் வைத்துவிட்டு, சுரண்டியால் தோண்ட ஆரம்பித்துவிட்டாராம். ஒருவன் மண்வெட்டியோடு உதவிக்கு ஓடினானாம். "வேணாம் தம்பி. எம்புள்ளைகள நாந்தான் எடுக்கணும்," என்றாராம். அதற்குப் பிறகு இளந்தாரிகள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களாம். கங்காணி அதட்டியும் அசையவில்லையாம்.

"எலும்பு ஒண்ணுமே இல்லீங்க," என்றாள் என்னிடம். எதற்கும் அழாதவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "கறுப்பு மண்ணுதான். மூத்தவன் படுத்திருந்த எடத்துல மாத்திரம் ஒரு சட்டப் பித்தான் கெடந்துச்சு."

நடுப்பகலில், சோற்று நேரத்தில், அம்மாள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனதை நானே கண்டேன். முதுகில் கூடை, நெற்றியில் கயிறு. கூடையின் வாயை வெள்ளைச் சேலையால் மூடியிருந்தது. அவர் கோயிலுக்கு உடுத்துகிற ஒரே வெள்ளைச் சேலை அதுதான். ஒளிவு மறைவில்லாமல், வண்டிப்பாதையின் நடுவில், மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

கோயில் புல்வெளியில், இரும்பு வேலி போட்ட ஒரு துரைப் பிள்ளையின் கல்லறைக்குப் பக்கத்தில், குழி வெட்டி முடித்திருந்தார். கூடையைக் குழியருகே நகர்த்த மட்டும் ஒரு கை பிடித்தேன். கனமில்லை. அவர் மண்ணைக் கைகையாக அள்ளி வைத்தார்.

"ஏன் அம்மா இங்கே?"

"இங்க ஒரு புள்ள தனியா இருக்குதுங்க. எத்தன வருசமா. மூணு பேரோட சேந்தா அதுக்கும் ஒரு கூட்டு."

குழியை மூடித் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். கண்டாக்கு சைக்கிளில் வந்தார். போதகர் அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைப் பார்க்க வந்திருந்தார். அவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். கண்டாக்கு என்னைத்தான் முதலில் பார்த்தார், இதெல்லாம் என் ஏற்பாடு என்பதுபோல. நான் செய்திருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

"தொரைமாரு எடத்துல கொண்டாந்து பொதைக்கிற அளவுக்கு வந்திருச்சா?" என்று கத்தினார். "இன்னும் ஒரு மணி நேரத்துல இது இங்க இருக்கக் கூடாது. அள்ளிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போ."

போதகர் நடுங்கிப் போயிருந்தார். "அம்மா, என்ன காரியம் செய்தீர்கள்! துரை கூப்பிட்டுக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

அம்மாள் எழுந்து நின்றார். கை, முழங்கை, முகம் எல்லாம் மண்.

"கர்த்தருடைய சித்தம்னு சொல்லுங்கய்யா."

"அது எப்படி அம்மா..."

"எங்கிட்ட மூணு தரம் சொன்னீங்க. நேத்தும் சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டேன். தொரையும் இதே கோயில்லதான் முட்டி போடுறாரு. சொன்னாக் கேட்டுக்குவாரு. நீங்க சொல்லுங்க."

அந்தக் குரலில் குத்தல் இல்லை, கேலி இல்லை. இருந்திருந்தால் போதகர் தப்பித்திருப்பார், கோபித்துக்கொண்டு போயிருப்பார். அம்மாள் நம்பிக்கொண்டு சொன்னார். தன்னிடம் சொன்ன வார்த்தை உண்மையானால் அது துரைக்கும் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? அதில் அவருக்குச் சந்தேகமே தோன்றவில்லை. இத்தனை காலம் அந்த வார்த்தையைக் கீழே மட்டும் இறக்கிக் கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான். மேலே ஏற்ற வேண்டும் என்று படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

கண்டாக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். போதகர் கையைக் காட்டி நிறுத்தினார். குடையை எடுத்துக்கொண்டு பங்களாப் பாதையில் நடந்தார். நானும் கூடப் போனேன். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அவர் வெளியே வந்தபோது, அந்தக் குளிரிலும் கழுத்துப் பட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பாதித் தூரம் இறங்கியதும் நின்றார்.

"அப்படியே சொன்னேன் வாத்தியார்," என்றார். "கர்த்தருடைய சித்தம் என்றேன். துரை என்னை வெகுநேரம் பார்த்தார். அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது."

துரை சம்மதித்தார். மண்ணைத் தோண்டி எறியச் சொன்னால் சங்கத்துக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் அவர் கணக்கில் இருந்திருக்கும். சம்மதத்தோடு நிபந்தனைகளும் வந்தன. மேடு கட்டக் கூடாது, தரை மட்டமாக இருக்க வேண்டும். சிலுவை நடக் கூடாது. கல் வைக்கக் கூடாது. எழுத்து எதுவும் கூடாது. கோயிலுக்கு வரும் துரைசானிமாரின் கண்ணில் படக் கூடாதாம். கான், துரை போட்ட கோட்டிலேயே நேராக வெட்டப்பட்டது. அது வளையவில்லை.

இந்த நிபந்தனைகளை அம்மாளிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு கூடை மண்ணுக்கு இடம் கொடுக்க இத்தனை நிபந்தனை. மனு எழுதலாம், கொழும்புக்கு எழுதலாம், பேராயருக்கே எழுதலாம் என்றேன். அம்மாள் காம்பரா வாசலில் உட்கார்ந்து, அந்த வெள்ளைச் சேலையைத் தோய்த்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"கல்லு எதுக்குங்க? பேரு அவருக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதில்தான் நான் அம்மாளோடு ஒத்துப்போகவில்லை, இன்றுவரை. அந்தப் புல்வெளியில், இரும்பு வேலிக்கு இடப்பக்கம், தரை மட்டமாக, கல்லில்லாமல் இருக்கிறவர்கள் இவர்கள்: மூத்தவன் யோசேப்பு. நடுவில் எஸ்தர். கடைசிப் பையன் ஞானமுத்து.